சிட்டைக்குள் ஒரு வரி

பங்குனி வெயில் ஏறுவதற்குள் மண்டி வாசலில் வண்டிகள் வந்து நின்றுவிட்டன. விளாத்திகுளத்தில் இந்த மாதம் எந்தக் கமிஷன் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே நெடிதான். மிளகாய் வத்தல் மூடை ஒன்றைப் பிரித்துக் கொட்டினால் தெருவில் போகிறவர்கூட ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் போகிறார். உள்ளே இருப்பவர்களுக்கு மூக்கு மரத்துவிட்டது. மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பையன் மட்டும் முகக்கவசம் போட்டிருக்கிறான்.

முதலாளியின் அக்காள் மகன். சென்னையில் வேலை பார்த்தவன், 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவன். இரவில் கம்பெனி வேலை, பகலில் மாமாவின் கடை. அந்த ஊரடங்கில் பொழுது போகாமல், சிட்டை போடுவதற்கென்று பைத்தானில் ஒரு மென்பொருள் எழுதினான். எடை, சாக்குக் கழிவு, தரகு, ஏற்கெனவே வாங்கிய முன்பணம், மிச்சம் என்று எல்லாம் போட்டு ஒரு துண்டுச் சீட்டில் அடித்துத் தரும். எழுதியதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் ஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் போட்டான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைக் கொடுத்தால் மூலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

யார் யார் எடுத்தார்கள் என்று அவனுக்கே தெரியாது. திறமூல மென்பொருளுக்கு வாடிக்கையாளர் பட்டியல் என்று ஒன்று இருப்பதில்லை. ஏதாவது உடைந்தால் ஆள் வருவார். ஏதாவது வேண்டுமென்றால் ஆள் வருவார். நன்றாக ஓடுகிறது என்று சொல்வதற்காக யாரும் மெனக்கெட்டு எழுதுவதில்லை. ஆகவே கேட்பவர்களின் குரலைக் கொண்டே ஊர் முழுவதையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அது ஒரு கோணல் கணக்கு.

கணக்குப்பிள்ளை மேசையை விட்டு எழுந்து வருகிறார். எழுபதைத் தாண்டியவர். பேரேட்டை இன்னும் கையால்தான் எழுதுகிறார். அச்சில் வந்த சிட்டையை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டுகிறார்.

"தம்பி, ஒரே ஆளு பத்து மூடை போட்டா பத்து வரியிலயும் ஊரு, பேரு, சரக்குன்னு முழுசா அடிக்குதே. நாங்கல்லாம் மேற்படின்னு ஒரு சுழி போட்டுட்டுப் போயிருவோம்."

சுழியைச் சாக்குக் கட்டியால் தரையிலேயே எழுதுகிறார். பையன் குனிந்து பார்த்துவிட்டு, "அது கம்ப்யூட்டர்லயே இருக்கு தாத்தா," என்கிறான். திரையில் ௸ வந்து நிற்கிறது.

கிழவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறார். 2003-இல் வந்த யூனிகோட் 4.0 பதிப்பிலேயே நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் என்று எட்டுக் குறிகள் தமிழுக்குச் சேர்ந்துவிட்டன. இருபது வருடத்துக்கு மேலாகக் கணினிகளுக்குள் இருந்தும் கணக்கு எழுதுகிறவர் கண்ணில் இன்றுதான் படுகிறது. பையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னொரு பக்கத்தைத் திறக்கிறான். 2019 மார்ச்சில் வந்த 12.0 பதிப்பில் தமிழுக்கென்று தனியாக ஒரு கட்டமே ஒதுக்கி, 51 குறிகளை ஏற்றியிருக்கிறார்கள். முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி முதல் பின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. அப்புறம் ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு. காசு, பணம், வராகன்.

"உப்பளத்துக்குக்கூட ஒரு குறி உண்டு தாத்தா."

"நெசமாவா? வேம்பார்க்காரனுக்குச் சொல்லணுமே." கிழவர் சிரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்கிறார். "புன்செய்க்கு?"

"அதுவும் இருக்கு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கரிசல்காட்டில் பிறந்து, மானம் பார்த்த பூமியின் கணக்கையே ஆயுள் முழுவதும் எழுதியவர், புன்செய்க்குத் தனிக்குறி உலகப் பட்டியலில் இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் குறிகளுக்கான முன்மொழிவை எழுதியவர் ஸ்ரீரமண சர்மா. பழைய ஆவணங்களிலிருந்தும் கணக்கு நூல்களிலிருந்தும் சான்று திரட்டி வைத்தார். இன்றைக்கு எந்தக் கடையிலும் புழக்கத்தில் இல்லாத குறிகள். கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தும் ஏற்றார்கள், அதுவும் பல வருட யோசனைக்குப் பிறகு. காரணம் இருக்கிறது. யூனிகோடில் ஒரு எழுத்தை ஏற்றிவிட்டால் பிறகு இறக்க முடியாது. 'யாருமே பயன்படுத்தவில்லை, எடுத்துவிடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படி ஒரு விதி இருக்கும் இடத்தில் நிதானம்தான் நியாயம்.

"அப்ப சிட்டையில போட்டுற வேண்டியதுதானே?" என்கிறார் கணக்குப்பிள்ளை.

பையன் உடனே பதில் சொல்லவில்லை. முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறான். எழுத்து இருக்கிறது என்பதும் சிட்டையில் அடிக்கலாம் என்பதும் வேறு வேறு. இந்தத் தெர்மல் பிரிண்டருக்குத் தமிழே தெரியாது. அதனுள் பதிந்திருக்கும் எழுத்துகளில் தமிழ் கிடையாது. 58 மில்லிமீட்டர் தாளில் ஒரு வரிக்கு 384 புள்ளி. அதற்குள் ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். 'கொ' என்ற ஒரே எழுத்தில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்த கூத்தைச் சரிசெய்யவே அவனுக்கு எத்தனையோ ராத்திரி போயிருக்கிறது. ஆனாலும் அவன் சொன்ன காரணம் அது இல்லை.

"தாத்தா, இதை வாசிக்க இப்ப யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல?"

இதற்கு எந்த மென்பொருள் புத்தகத்திலும் பதில் இல்லை. பையன் சிரித்துவிட்டான். கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டு, சிட்டையில் என்னென்ன வரி எப்படி அடிக்க வேண்டும் என்பதை நிரலுக்குள்ளிருந்து பிரித்துத் தனிக் கோப்பாக வைத்துவிடுகிறேன் என்றான். அந்தக் கோப்பை அவரவர் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடையில் ௸ அடிக்கும், மற்ற கடைகளில் பழையபடி. கிழவருக்குப் பாதிதான் புரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டு போனார். பார்க்க ஒரு ஆளுக்குச் செய்த காரியம்போல இருந்தாலும், இனிமேல் வரப்போகிற நூறு கோரிக்கைகளுக்கு அவன் ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான் என்று தோன்றியது.

அடுத்து வந்தவர் கரிக்கடை அண்ணாச்சி. சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். உட்காரவில்லை, நின்றபடியே அடுக்கினார். மூட்டத்துக்கு ஒரு நம்பர் வேண்டும். எத்தனை டன் விறகு உள்ளே போனது, எத்தனை மூடை கரி வந்தது என்று தெரிய வேண்டும். வெட்டுக்கூலி தனி, அள்ளுகூலி தனி. மழையில் நனைந்த கரிக்கு ஈரக்கழிவு.

"எவ்வளவு ஆகும்னு மட்டும் சொல்லு. தாறேன்."

"காசு ஒரு தடவைதான் அண்ணாச்சி. இது வருசா வருசம்லா."

அண்ணாச்சிக்கு இந்தப் பதில் பிடிபடவில்லை. அவர் வாங்கி விற்கும் எதையும் விற்ற பிறகு ஆயுளுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நிரல் அப்படியில்லை. இன்று சேர்த்த ஈரக்கழிவு, நாளை சாக்குக் கழிவை மாற்றும்போது குறுக்கே வந்து நிற்கும். எழுதியவனைத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் சரக்கு இறங்கும் நேரம் பார்த்து.

காசு கொடுத்தவருக்குப் பேச்சுரிமை கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. விம் எழுத்துப்பதிப்பானை 1991 முதல் வளர்த்த பிராம் மூலனார், நன்கொடை தந்தவர்கள் எந்த வசதி முதலில் வேண்டும் என்று வாக்களிக்க வழி வைத்திருந்தார். தன் மென்பொருள் பிடித்தவர்களை உகாண்டாவில் கிபாலே என்னும் இடத்துப் பிள்ளைகளுக்கு உதவச் சொன்னவர் அவர். வாக்கு உண்டே தவிர உத்தரவு கிடையாது. முடிவு அவர் கையில்தான், 2023 ஆகஸ்டில் அவர் இறக்கும்வரை. அவர் சேர்க்காத பெரிய மாற்றம் ஒன்றைக் கையில் வைத்திருந்தவர் 2014-இல் தனியாகப் பிரிந்துபோய் நியோவிம் தொடங்கினார். இன்றைக்கு இரண்டும் ஓடுகின்றன. உரிமம் அதற்கு இடம் தருகிறது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுதந்திரம் நிரல் எழுதத் தெரிந்தவனுக்குத்தான். கரிக்கடை அண்ணாச்சியிடம் 'பிடிக்கலைன்னா ஃபோர்க் பண்ணிக்கோங்க' என்று சொன்னால், அது மரியாதையாகச் சொன்ன வசவு.

பையன் அப்படிச் சொல்லவில்லை.

"கரிக்குன்னு தனியா ஒரு பிளகின் எழுதலாம். இதோட மாட்டிக்கிட்டா வேலை செய்யும். கழட்டிட்டா இதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அதைப் பாத்துக்கிட ஒரு ஆள் வேணும்."

"எம்மவன் பாலிடெக்னிக் படிக்கான்."

"அனுப்பி வைங்க. நான் சொல்லித் தாறேன்."

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு நிலப்படக் கணக்குகளைச் சேர்க்கும் போஸ்ட்ஜிஸ் 2001 முதல் இப்படித்தான் வெளியே நின்று வாழ்கிறது. உள்ளே வர அதற்கு அவசியம் வரவில்லை. இவ்வளவு தூரம் போவானேன். பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் செய்ததும் இதே வேலைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் கரிசல்காட்டுச் சொல்லையெல்லாம் அள்ளிக்கொள்ளும் என்று காத்திராமல், கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தனியாகத் தொகுத்து 1982-இல் கொண்டுவந்தார். பெரிய அகராதிக்கு ஒரு நட்டமும் இல்லை. இந்த மண்ணின் சொல்லுக்கு ஒரு வீடு கிடைத்தது. பார்த்துக்கொள்ளவும் ஆள் இருந்தார்.

அண்ணாச்சி போன பிறகு பையன் டீ வரவழைத்தான். குடிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு புல் ரிக்வெஸ்ட் திறந்திருக்கிறது. ஓசூர்ப் பக்கத்துப் பூ மண்டிக்காக யாரோ எழுதி அனுப்பியது. பூவுக்கு மணிக்கு ஒரு விலை. காலையில் ஏறியது பத்து மணிக்கு இறங்கும். அதற்கு ஏற்றபடி கணக்கைப் பிரித்துப் போடும் நிரல், ஆயிரம் வரிக்கு மேல். கேட்டவரே எழுதியும் கொடுத்துவிட்டார். ஓடுகிறது. சுத்தமாகவும் இருக்கிறது. அதனால்தான் தொல்லை. மோசமாக எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

இவனுக்குப் பூ மண்டி தெரியாது. எழுதியவருக்கு நாளை வேறு வேலை வந்துவிட்டால் மல்லிகை விலைக்கு விளாத்திகுளத்தில் இருந்துகொண்டு இவன்தான் பதில் சொல்ல வேண்டும். பைத்தான் மொழியே இதை அனுபவித்திருக்கிறது. ஒரு காலத்தில் கேட்டதையெல்லாம் 'எல்லாம் உள்ளேயே இருக்கும்' என்ற பெருமையோடு சேர்த்துக்கொண்டது. சன் கம்ப்யூட்டர்களின் ஒலிக்கோப்பை வாசிக்க ஒன்று, டெல்நெட்டுக்கு ஒன்று என்று சேர்ந்துபோய், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், கடைசியில் 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் 19 தொகுதிகளை வெளியே எடுத்துப் போட்டார்கள். சேர்க்கும்போது ஒருவர் போதும். எடுக்கும்போதுதான் தெரிகிறது, எங்கோ ஒரு மூலையில் அதை நம்பி இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தை எழுதியவர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம், உரிமைகூடக் கோரவில்லை. ஆனால் வெளியாள் எழுதிய நிரலைப் பொதுவாக வாங்குவதில்லை. திமிர் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை.

வாங்கிக்கொள்கிறவனுக்கு வேறொரு பயமும் இருக்கிறது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியை லாஸ்ஸே கொல்லின் என்பவர் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பார்த்துவந்தார். 'அனுப்பியதைச் சேர்க்க ஏன் இத்தனை தாமதம், இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டியதுதானே' என்று முகம் தெரியாதவர்கள் நெருக்கினார்கள். உதவிக்கு வந்த ஒருவர் மெள்ள நம்பிக்கையைச் சம்பாதித்துப் பொறுப்பும் வாங்கிக்கொண்டு உள்ளே கள்ளவழி வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலர், தொலைக்கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப்போய் அகப்பட்டது. பூ மண்டிக்காரர் அப்படிப்பட்டவர் என்று இல்லை. ஆனால் சும்மா வருகிற உதவியையும் எடை போட்டுத்தான் உள்ளே விட வேண்டியிருக்கிறது.

பையன் ஒரே ஒரு வரி தட்டினான். 'இந்தப் பகுதியில் பிழை வந்தால் இரண்டு வருடத்துக்குப் பதில் சொல்ல ஒருவர் முன்வருவாரா?' அனுப்பிவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தான்.

எடைமேடைக்கு ஒரு அம்மாள் வந்திருக்கிறாள். புதூர்ப் பக்கத்து ஊர். மூடையைப் போட்டுவிட்டு, காலிச் சாக்கு ஒன்றை விரித்து உட்கார்ந்துவிட்டாள். தராசில் 44.650 என்று சிவப்பாக மின்னியது. சாக்குக்கு ஒரு கிலோ கழித்து 43.650. முதலாளி அதைப் பார்த்துவிட்டுப் பையன் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, இந்தக் கிராமெல்லாம் எதுக்கு அடிக்குது? கிலோவோட நிப்பாட்டு."

"நிப்பாட்டுனா மிச்சக் கிராம் எங்க மாமா போகும்?"

"எங்கயும் போகாது. சிந்துறது, தூசி, காம்பு, மண்ணுன்னு எவ்வளவு போகுது. காலங்காலமா உள்ள பழக்கம்தானே இது."

பையன் லேப்டாப்பின் மூடியை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தான். அந்த அம்மாளுக்கு இங்கே என்ன பேச்சு நடக்கிறது என்று தெரியாது. கிலோ 180 ரூபாய் என்று பேசியிருக்கிறார்கள். 650 கிராமுக்கு 117 ரூபாய். காலையிலிருந்து வந்த கோரிக்கைகளில் இதுதான் ஆகச் சின்னது. நிரலில் ஒரே வரி. கடை ஓடுவதும் மாமாவால். கணக்குப்பிள்ளையின் சுழிக்கு அத்தனை யோசித்தவனுக்கு இது ஒரு நிமிட வேலை.

"ஆப்ஷனா வச்சிரு. வேணுங்கிறவன் டிக் பண்ணிக்கிடட்டும், வேண்டாதவன் விட்டுறட்டும்," என்றார் முதலாளி. சில வருடம் மென்பொருளோடு பழகியதில் அவருக்கும் பாஷை வந்துவிட்டது.

நிரல் எழுதுகிறவர்கள் தப்பித்துக்கொள்ளும் சந்து இது. முடிவெடுக்க மனமில்லாத இடத்திலெல்லாம் ஒரு ஆப்ஷன். பத்து ஆப்ஷன் சேர்ந்தால் அவை 1024 விதமாகக் கூடும். அத்தனையையும் ஓட்டிப் பார்த்தவன் எவனும் இல்லை. ஆனால் இங்கே சிக்கல் அந்தக் கணக்கில் இல்லை. டிக் போடுகிற கை ஒன்று, காசு போகிற பை வேறொன்று. கேட்பவர் ஒருவர், கேட்டதற்கு விலை கொடுக்கப்போகிறவர் சாக்கில் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை பேர் கேட்டார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. காலையில் கிழவரின் சுழியால் யாருக்கும் நட்டமில்லை, அண்ணாச்சியின் ஈரக்கழிவு அவர் கரியோடு போயிற்று. இது மட்டும் வேறு சாதி.

பையன் தட்டத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில், "வச்சாச்சு மாமா," என்றான். பிரிண்டர் கரகரவென்று ஒரு சீட்டைத் துப்பியது. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். எடை 43 கிலோ என்று இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'விட்ட கிராம் 0.650 — ரூ. 117.00'.

"இதை எதுக்குடா அடிச்ச?"

"வெட்டணும்னா வெட்டிக்கிடலாம். வெட்டுனது சிட்டையில தெரியணும். அம்புட்டுத்தான் மாமா."

"தெரிஞ்சா எப்படிடா?"

பையன் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை பேரேட்டில் அதிகக் கவனமாக எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி சீட்டை இரண்டாக மடித்தார், மறுபடி விரித்துப் பார்த்தார்.

"எடுத்துரு."

"எதை? வெட்டுறதையா, வரியையா?"

"ரெண்டையும் எடுத்துத் தொலை." போன் வந்ததுபோல எழுந்து வாசலுக்குப் போனார்.

இந்த ஒரு கடையில் நின்றது, அவ்வளவுதான். உரிமத்தில் இடமிருக்கிறது, நாளைக்கே எவனாவது இதை எடுத்துத் தன் மண்டிக்கு ஏற்றபடி கிராமை விழுங்க வைத்துக்கொள்ளலாம். பையனுக்கும் அது தெரியும். அவன் கையால் எழுதியதில் இருக்காது, அதோடு அவன் பொறுப்பு முடிகிறது.

புதிய சீட்டு 43.650 என்று வந்தது. அம்மாள் வாங்கி, கையைத் தூரமாக நீட்டிப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"ஏ தம்பி, எழுத்து எறும்பு ஊருற மாதிரில்லா இருக்கு. கொஞ்சம் பெருசா அடிக்கக் கூடாதா? வீட்டுக்குப் போயி பேரன்கிட்ட நீட்டிக்கிட்டு நிக்கேன்."

பையன் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருடத்தில் வந்த எந்தக் கோரிக்கையிலும் இது இல்லை. மண்டிக்காரர்கள் கேட்டார்கள், கணக்கர்கள் கேட்டார்கள், நிரலர்கள் கேட்டார்கள். சிட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் யாரும் எங்கேயும் எழுதிக் கேட்டதில்லை; கேட்கலாம் என்றும் அவர்களுக்குத் தெரியாது.

எழுத்தளவு 24 என்று இருந்ததை 32 ஆக்கி மறுபடி அடித்தான். சீட்டு கொஞ்சம் நீளம் கூடி வந்தது. அவள் அதை மடிக்காமலே வாசித்தாள், எடையையும் விலையையும் வாய்விட்டு. சரியாக இருக்கிறது என்று சுருக்குப்பையில் வைத்தாள்.

"பாத்துக்கிட்டே இருந்தேன்," என்று வாசலிலிருந்து மாமாவின் குரல். "ஒரு சீட்டுக்கு எம்புட்டுப் பேப்பர் போகுது? ரோல் என்ன வெலை விக்குதுன்னு தெரியுமாடா உனக்கு?"

பையன் அதற்குள் ஆப்ஷனெல்லாம் வைக்காமல் எல்லா மண்டிக்கும் 32 என்றே போட்டு, மாற்றத்தைப் பொதுவில் ஏற்றிவிட்டிருந்தான்.